ஒட்டுப் பெட்டி

நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடிக்குச் செல்லும் சாலையில், பாமணியாற்றங்கரை வயல்களின் நடுவே, பூவனூர் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே கோயில்கொண்டுள்ள ஈசனுக்குச் சதுரங்க வல்லபநாதர் என்று திருநாமம். அரசன் மகளாய் வளர்ந்து, சதுரங்கத்தில் தன்னை வெல்வார் எவருமில்லை என்று பெயரெடுத்திருந்த இராஜராஜேசுவரியை, வயோதிகச் சித்தர் வடிவில் வந்து காய் நகர்த்தி வென்று, பின் சுயரூபம் காட்டி மணம் புரிந்தான் இறைவன் என்பது அந்த ஸ்தலத்தின் புராணம். அப்பர் பாடிய பதி அது. 2022 ஆம் ஆண்டு சதுரங்க ஒலிம்பியாட் மாமல்லபுரத்தில் நடைபெற்றபோதுதான் வெளியூரார் பலர் அவ்வூரின் பெயரைக் கேள்விப்பட்டார்கள். தஞ்சைத் தரணியில் பிறந்தவர்களுக்கோ, ஆட்டத்தில் வல்லவன் என்பதையே தெய்வத்துக்குப் பெயராகச் சூட்டியது விசேஷமாகத் தோன்றியதில்லை. மண்டபத் தரைகளில் ஆடுபுலிக் கட்டங்களும் தாயக் கட்டங்களும் உளியால் கீறப்பட்டிருப்பதைப் பார்த்தும், பாட்டிமாரின் பல்லாங்குழிப் பலகையில் சோழி எண்ணியும் வளர்ந்தவர்கள் அவர்கள். அறுவடை முடிந்து அடுத்த நடவு வரும்வரை உள்ள ஓய்வுப் பொழுதை ஆட்டத்துக்கு என்றே ஒதுக்கி வைத்திருந்த பிரதேசம் இது.

அந்த வழக்கத்தின் இன்றைய கிளையொன்றைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறேன். விளையாட்டுக்கென்று ஒரு கணிப்பொறியைக் கையிலுள்ள சொற்பப் பணத்துக்குள் அடங்குமாறு திட்டமிட்டு, உறுப்புகளைத் தனித்தனியே தேடி வாங்கி, ஊர்க் கைவினைஞன் ஒருவனிடம் கொடுத்துப் பொருத்திக்கொள்ளும் காரியம் காவிரிப் பாசனப் பிரதேசத்தில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக நடந்துவருகிறது. இதற்கும் ஒரு சரித்திரம் உண்டென்று யாரும் கருதவில்லை. கோயிலுக்கும் சங்கீதத்துக்கும் நெல்லுக்கும் சரித்திரம் எழுதிய நாம், ஒரு வீட்டுப் பையனின் மேசையடியில் முனகிக்கொண்டிருந்த தகரப் பெட்டியைக் கவனித்தோமில்லை. ஆனால் அந்தப் பெட்டியின் அமைப்பிலே மேட்டூரின் நீர்மட்டமும், நெல்லின் கொள்முதல் விலையும், வயல் மோட்டாருக்கு வரும் மின்சாரமும், சிங்கப்பூரில் உழைத்த சித்தப்பாவின் ஞாயிற்றுக்கிழமையும் கலந்திருக்கின்றன என்பதை நினைக்கும்போது, அதை எழுதி வைப்பது கடமையென்றே எனக்குத் தோன்றுகிறது.

தஞ்சாவூரில் வீணை செய்யும் குடும்பத்தார் வீணையை இரு வகையாகப் பிரித்துச் சொல்வார்கள். குடமும் தண்டியும் ஒரே பலாமரத்துண்டிலிருந்து குடைந்து எடுக்கப்பட்டால் அது ஏகாண்ட வீணை. தனித்தனியே செய்து இணைத்தால் ஒட்டு வீணை. இரகுநாத நாயக்கர் காலத்தில், பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், இருபத்துநான்கு மெட்டுகள் என்று நிலைபெற்ற அந்த வாத்தியத்துக்கு 2013 இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஏகாண்டத்துக்கு மதிப்பும் விலையும் அதிகம். எனினும் வீணை பயிலும் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது ஒட்டு வீணையே. நிறுவனப் பெயர் பொறித்துப் பெட்டியோடு வந்திறங்கிய கணிப்பொறியை ‘பிராண்டட்’ என்றும், இங்கேயே பொருத்தியதை ‘அசெம்பிள்டு’ என்றும் கடைக்காரர்கள் பிரித்துச் சொல்லக் கேட்டபோதெல்லாம், இந்த ஊரின் பழைய சொற்களான ஏகாண்டமும் ஒட்டுமே என் நினைவுக்கு வந்தன. ஒட்டுதலில் கூச்சப்படுவதற்கு ஏதுமில்லை என்பதைத் தஞ்சாவூருக்கு வேறொருவர் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

கணிப்பொறியை ஒட்டுவது எவ்வாறு சாத்தியமாயிற்று என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். 1981 ஆகஸ்டு 12 அன்று அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் தன் முதல் தனிநபர் கணிப்பொறியை வெளியிட்டபோது, அவசரத்தின் காரணமாக அதன் பெரும்பகுதி உறுப்புகளை வெளியாரிடம் வாங்கிப் பொருத்தியதோடு, உள் அமைப்பின் விவரங்களையும் புத்தகமாகவே அச்சிட்டு விற்றது. அதைப் பார்த்துப் பிறரும் அதே அச்சில் பெட்டிகளைச் செய்யத் தொடங்கினார்கள். தைவான் தீவின் சிறு பட்டறைகள் மதர்போர்டுகளை அடுக்கடுக்காக வார்த்துத் தள்ளின. 1995 இல் ‘ஏ.டி.எக்ஸ்.’ என்னும் பொது அளவு வகுக்கப்பட்டதும், யார் செய்த போர்டும் யார் செய்த கேபினெட்டிலும் அமரும் என்ற நிலை உண்டாயிற்று. இந்தியாவிலோ, அந்நியச் செலாவணிச் சட்டத்தின் நிர்ப்பந்தத்தால் ஐ.பி.எம். 1978 இலேயே வெளியேறியிருந்தது. 1984 நவம்பரில் வகுத்த புதிய கணிப்பொறிக் கொள்கை இறக்குமதித் தீர்வையைக் குறைத்து உதிரிப் பாகங்களுக்குக் கதவைத் திறந்தது. 1991 இன் பொருளாதாரச் சீர்திருத்தம் அதை அகலமாக்கிற்று. 1997 இல் இந்தியா கையெழுத்திட்ட தகவல் தொழில்நுட்ப உடன்படிக்கையின் பயனாக 2005 க்குள் பெரும்பாலான உறுப்புகளின் சுங்கத் தீர்வை அறவே நீங்கியது.

இவ்வாறு கப்பலில் வந்திறங்கிய சரக்கு தஞ்சாவூருக்கு வந்து சேர்ந்த வழி சென்னை ரிச்சி தெரு. சிந்தாதிரிப்பேட்டைக்கும் அண்ணா சாலைக்கும் இடையிலுள்ள அந்தக் குறுகலான தெருவிலும் அதையடுத்த நரசிங்கபுரம் தெருவிலும் முன்னே ரேடியோ வால்வுகளும் டிரான்சிஸ்டர்களும் ஒலிபெருக்கிச் சாமான்களும் விற்றவர்கள், காலத்தின் போக்கறிந்து தொலைக்காட்சி உதிரிகளுக்கும், பின்னர் கணிப்பொறி உறுப்புகளுக்கும் மாறினார்கள். தஞ்சையிலிருந்தும் கும்பகோணத்திலிருந்தும் மாயவரத்திலிருந்தும் இரவு வண்டியேறி, விடியற்காலையில் எழும்பூரில் இறங்கி, ஒரு காபி குடித்துவிட்டுக் கடை திறக்கும்வரை அத்தெருவில் காத்திருந்து, மாலைக்குள் மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்கையும் துணிப்பைக்குள் சட்டைகளுக்கு நடுவே பொதிந்துகொண்டு மறுபடி ரயிலேறிய மனிதர்களே இந்தத் தொழிலின் முன்னோடிகள். அவர்கள் பெயர்கள் எந்த ஆவணத்திலும் இல்லை.

அவர்களுள் பலர் ரேடியோ மெக்கானிக்குகளாகவும் டி.வி. மெக்கானிக்குகளாகவும் இருந்தவர்கள். சூட்டுக்கோலைப் பிடித்துப் பழகிய கைக்கு, திருப்புளி ஒன்றாலேயே முடிந்துவிடும் இந்த வேலை பெரிதாகத் தோன்றவில்லை. வேறு சிலர் தட்டச்சுப் பயிலகங்களிலிருந்து வந்தார்கள். அரசாங்கத் தேர்வுக்காக ரெமிங்டன் யந்திரங்கள் வரிசையாக ஓசையிட்டுக்கொண்டிருந்த அந்தக் கூடங்களில், தொண்ணூறுகளில் ஒரு மூலையில் இரண்டு கணிப்பொறிகள் குளிர்ச்சாதன அறைக்குள் பிரதிஷ்டை செய்யப்பட்டன. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒரு சன்னிதிக்குள் நுழையும் பயபக்தியோடு உள்ளே சென்ற மாணவர்கள், வோர்டு ஸ்டாரும் ஃபாக்ஸ்புரோவும் கற்ற நேரம் போக எஞ்சிய சில நிமிஷங்களில் ‘டேவ்’ என்ற சிறு மனிதனைத் தாவச் செய்தும், ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’வின் இளவரசனைப் பள்ளத்தில் விழாமல் காப்பாற்றியும், அந்த யந்திரத்தின்மீது ஆசைகொண்டார்கள். கணிப்பொறி படிப்புக்கென்று வந்தது என்பது உண்மை. பையன்களின் மனத்தை அது ஆட்டத்தின் வழியாகவே பிடித்தது என்பதும் அதே அளவு உண்மை. இந்த இரண்டையும் பகையாக நிறுத்திப் பேசுவது சரியல்ல என்பது என் அபிப்பிராயம். ஆட்டம் ஏன் மெதுவாக ஓடுகிறது என்று கேட்கத் தொடங்கிய பையன்தான் நினைவகம் என்பதையும் செயலி என்பதையும் அறிந்துகொண்டான்; பாடப் புத்தகத்தின் கேள்வி அவனை அவ்வளவு தூரம் அழைத்துச் சென்றதில்லை.

இனி வீட்டுக்குக் கணிப்பொறி வாங்குவதில் ஏற்பட்டுவிட்ட சம்பிரதாயத்தைச் சொல்கிறேன். பெண் பார்ப்பதற்கு முன் ஜாதகம் வாங்குவதுபோல, இதற்கு முதலில் வாங்க வேண்டியது ‘கொட்டேஷன்’. செயலி, மதர்போர்டு, ராம், கார்டு, ஹார்ட் டிஸ்க், கேபினெட், மானிட்டர், கீபோர்டு, மவுஸ், ஸ்பீக்கர், யூ.பி.எஸ். என்று வரிசையிட்டு, எதிரே விலை குறித்து, அடியில் கூட்டுத்தொகை போட்டுக் கடைக்காரர் தரும் அந்த ஒற்றைத் தாள் பல நாள் சட்டைப்பையில் மடிந்திருக்கும். மூன்று கடைகளின் தாள்களையும் பரப்பி வைத்துக்கொண்டு தகப்பனாரும் பையனும் திண்ணையில் உட்காருவார்கள். “ஸ்பீக்கர் எதுக்குப்பா? ரேடியோதான் இருக்கே” என்று தகப்பனார் ஒரு வரியை அடிப்பார். “சரிப்பா, அதை எடுத்துரலாம், ஆனா கார்டை மட்டும் எடுக்க வேண்டாம்” என்று பையன் மன்றாடுவான். கார்டு என்பது கிராபிக்ஸ் கார்டு. அதில்லாமலும் எழுத்து வேலை நடக்கும், கணக்கு வேலை நடக்கும், படமும் ஓடும். ஆட்டம் மட்டுமே நடக்காது என்பதை அவன் சொல்லவும் மாட்டான், அவர் அறியாமலும் இருக்க மாட்டார். அந்த ஒரு வரி அடிபடாமல் தப்பிய வீடுகளில்தான் நம் சரித்திரம் ஆரம்பமாகிறது.

தாளின் அடியிலிருந்த தொகையை மருத நிலத்துக் கிரகஸ்தர்கள் ரூபாயில் மட்டும் எண்ணியதில்லை, நெல்லிலும் எண்ணினார்கள். அந்தக் கணக்கை நாமும் போட்டுப் பார்க்கலாம். ஒரு பெட்டிக்கென்று 30,000 ரூபாய் ஒதுக்கியதாக வைத்துக்கொள்வோம். 2000-01 ஆம் ஆண்டுக்கு மத்திய அரசாங்கம் சாதாரண நெல்லுக்கு அறிவித்த ஆதார விலை குவிண்டாலுக்கு 510 ரூபாய். அந்த விலையில் முப்பதாயிரம் என்பது ஏறக்குறைய 59 குவிண்டால், அதாவது அறுபது கிலோ மூட்டையாகக் கணக்கிட்டால் 98 மூட்டை. ஏக்கருக்கு முப்பது மூட்டை கண்டால் நல்ல வெள்ளாமை என்று எண்ணும் நிலத்தில், அரை வேலியின் ஒரு போக விளைச்சல் முழுவதையும் அந்தப் பெட்டிக்குள் கொட்ட வேண்டியிருந்தது. 2018-19 இல் ஆதார விலை 1,750 ரூபாயாக இருந்தபோது அதே முப்பதாயிரத்துக்கு 29 மூட்டை, ஓர் ஏக்கர் விளைச்சல், போதுமானது. உழவுச் செலவும் உரச் செலவும் ஆள்கூலியும் இதற்கிடையில் ஏறியதை மறக்கக் கூடாது. மூட்டைகள் முழுவதும் லாபமல்ல. என்றாலும், முதற்கணக்கில் பெருமிராசுதார் வீட்டுக்கு மட்டும் உரியதாயிருந்த ஆசை, இரண்டாம் கணக்கில் குத்தகைக்காரர் வீட்டு வாசலுக்கும் வந்துவிட்டது என்பதை இந்த மூட்டை எண்ணிக்கையே காட்டுகிறது.

நெல்லுப் பணம் மாதச் சம்பளத்தைப் போல வருவதல்ல. குறுவை முடிந்து ஐப்பசியிலும், சம்பா முடிந்து தை மாசியிலும் கொள்முதல் நிலையத்தில் மூட்டை எடை போட்ட பின்னரே வரும். ஆகையால் இங்கே பெட்டி ஒரே நாளில் முழுமை பெற்றதில்லை. குறுவைப் பணத்தில் செயலியும் போர்டும் ராமும்; சம்பாப் பணத்தில் கார்டு; அதற்கடுத்த ஆண்டு பெரிய மானிட்டர் என்று பெட்டியும் போகம் போகமாக வளர்ந்தது. பின்னால் வரப்போகும் கார்டுக்கு இப்போதே இடமுள்ள போர்டைத் தேர்ந்துகொள்வதும், பின்னால் சேர்க்கப்போகும் ராமுக்கு ஒரு துவாரத்தைக் காலியாக விட்டு வைப்பதுமாகிய தொலைநோக்கு, நகரத்து மாதச் சம்பளக்காரரின் பையனைவிட இந்தப் பையன்களுக்கு முன்னதாகவே கைவந்தது. தலைவாசலையும் கூடத்தையும் இப்போது கட்டி, மாடிக்குப் படி மட்டும் விட்டுவைத்து, மகசூல் வரும்போது மாடி எடுக்கும் ஊரார் பழக்கமே இதிலும் செயல்பட்டது.

ஆட்டங்களோ ஆண்டுக்கு ஆண்டு அதிகம் கேட்டன. 1997 இல் வெளியான ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ 16 மெகாபைட் ராமோடு திருப்தியடைந்தது. வயல் திருத்தி, பொன்னும் கல்லும் சேகரித்து, படை திரட்டி, ஒரு ராஜ்யத்தை நடத்தும் அந்த ஆட்டம் சோழ மண்டலத்துப் பையன்களுக்கு மிக இயல்பாகப் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. 2003 இல் கணிப்பொறிக்கு வந்த ‘வைஸ் சிட்டி’யோ 800 மெகாஹெர்ட்ஸ் செயலியும், 128 மெகாபைட் ராமும், 32 மெகாபைட் கார்டும் வேண்டுமென்றது, கார்டு என்ற வரியை அடித்துவிட்ட வீடுகளின் பையன்கள் அப்போதுதான் உண்மையில் வருந்தினார்கள். 2015 இல் வந்த அதே வரிசையின் ஐந்தாம் ஆட்டம் குறைந்தபட்சமே 4 ஜிகாபைட் ராமும், வட்டில் 65 ஜிகாபைட் இடமும் கேட்டது. பதினெட்டு ஆண்டுகளில் ராம் தேவை 256 மடங்கு. இந்த ஓட்டத்தில் சொற்பப் பணத்தோடு பின்தொடர்ந்தவர்களுக்கு வாய்த்த ஆயுதம் சாமர்த்தியமே. 1998 இல் இன்டெல் வெளியிட்ட ‘செலரான் 300ஏ’ என்ற மலிவான செயலியை, போர்டிலுள்ள ஒரு அமைப்பை மாற்றி 66 க்குப் பதில் 100 மெகாஹெர்ட்ஸ் பாதையில் ஓட்டினால், 300 மெகாஹெர்ட்ஸ் யந்திரம் 450 இல் ஓடும் என்ற இரகசியம் உலகெங்கும் இத்தகைய பையன்களிடையே பரவியது. விலை குறைந்த மாட்டை வாங்கித் தீனி போட்டு உழவுக்குப் பழக்கும் கெட்டிக்காரத்தனம் என்று அதை ஒரு பெரியவர் வியந்து சொல்லக் கேட்டிருக்கிறேன்.

எனினும் இந்த மண்ணின் பெட்டிக்கு உண்மையில் குணம் கற்பித்தது செயலியல்ல, மின்சாரம். 1990 இல் தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமாக்கப்பட்ட பின் ஆழ்குழாய்க் கிணறுகள் பெருகின. காவிரியில் தண்ணீர் வராத ஆண்டுகளில் அவையே பயிரைக் காப்பாற்றின. மும்முனை மின்சாரம் வரும் வேளையில் சுற்றுவட்டத்து மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக உறுமத் தொடங்கும்போது, 230 வோல்ட் இருக்க வேண்டிய வீட்டு மின்சாரம் 170, 160 என்று தளர்ந்து, குழல்விளக்கு கண்சிமிட்டும். மோட்டார்கள் நின்றதும் திடீரென்று எழும்பும். ஒரு மனிதனின் இருதயம்போல் பெட்டிக்குள் அமர்ந்து இந்த ஏற்றத்தாழ்வை விழுங்க வேண்டியது எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கி. கொட்டேஷன் தாளிலோ அதற்குத் தனி வரியே கிடையாது. கேபினெட்டோடு சேர்ந்து வருவதென்று எண்ணிவிடுவார்கள். ‘450 வாட்’ என்று பெரிதாக அச்சிட்ட சீட்டு ஒட்டியிருக்கும். கையில் தூக்கினால் தேங்காய் மட்டையின் கனம்கூட இராது. அந்தச் சீட்டை நம்பிக் கார்டைச் செருகிய எத்தனையோ வீடுகளில், ஆட்டத்தின் உச்சத்தில் பெட்டி அணைந்து, சுட்ட வாசனை மட்டும் எஞ்சியிருக்கிறது. எங்கள் வீட்டிலும் அது நடந்தது. பின்புறத்தில் 115 என்றும் 230 என்றும் மாற்றும் சிறிய சிவப்புப் பித்தான் ஒன்று இருக்கும். மின்சாரம் தளர்ந்த ஒரு மாலையில், 115 இல் வைத்தால் நன்றாக ஓடுமோ என்று அறியாமையால் நான் நகர்த்திவிட்டேன். மோட்டார்கள் நின்ற கணத்தில் வெடி வெடித்தாற்போல் ஓசை கேட்டது. தகப்பனார் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் அவரே ஸ்டெபிலைசர் வாங்கி வந்தார்.

அதனால் இந்தப் பிரதேசத்து நிபுணர்கள் வகுத்த நியாயம் நகரத்து நியாயத்தினின்றும் வேறுபட்டது. சென்னையில் கார்டுக்கு முதலிடம், இங்கே எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கும் யூ.பி.எஸ்.ஸுக்கும் எர்த் கம்பிக்கும் முதலிடம், மீந்ததில் கார்டு. கார்டைத் தேர்ந்தெடுக்கும்போதுகூட, எது அதிக வேகம் என்பதைவிட எது குறைந்த மின்சாரத்தில் ஓடும் என்பதையே பார்த்தார்கள். 2014 இல் வந்த ‘ஜி.டி.எக்ஸ். 750 டி.ஐ.’யும், 2016 இல் வந்த ‘1050 டி.ஐ.’யும் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனிக்கம்பி கேட்காமல், போர்டு தரும் 75 வாட்டுக்குள்ளேயே ஓடக்கூடியவை. பெருநகரத்தில் அவை மலிவுச் சரக்கு. நமக்கோ நாட்டு மருந்துபோல் உடம்புக்கு ஒத்துக்கொண்ட சரக்கு. களத்து மேட்டிலிருந்து வரும் பதர்த்தூசியும், மழைக்கால ஈரமும், வேதாரண்யம் பக்கத்து உப்புக்காற்றும், கம்பியைக் கறிக்கும் எலியும் தனி அத்தியாயங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் மூடியைக் கழற்றி, வண்ணத்தூரிகையால் தூசி தட்டி, காற்றாடிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுவது போகிப் பண்டிகையின் ஒரு பகுதியாகவே சில வீடுகளில் நிலைத்தது.

இனிக் கடல்கடந்து வந்த உறுப்புகளின் கதை. கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து சிங்கப்பூருக்கும் மலேயாவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்று உழைத்தவர்கள் ஏராளம். கூத்தாநல்லூரைச் சின்ன சிங்கப்பூர் என்றே சொல்லிவிடுவார்கள். சிங்கப்பூரில் ஞாயிற்றுக்கிழமை தோறும் நம் தொழிலாளிகள் கூடும் சிராங்கூன் சாலைக்கு நடந்துபோகும் தூரத்தில் இருப்பது சிம் லிம் ஸ்கொயர் என்ற பல மாடி அங்காடி. கணிப்பொறி உதிரிகளுக்குப் பெயர்பெற்றது. கட்டுமானத் தளத்தில் ஆறு நாள் வெயிலில் நின்றவர், ஏழாம் நாள் அந்த மாடிகளில் ஏறி இறங்கி, ஊரிலிருந்து அண்ணன் மகன் கடிதத்தில் எழுதியனுப்பிய, தாம் ஒரு எழுத்தும் புரிந்துகொள்ளாத, எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு பெயரைக் காகிதத்தில் காட்டிக் காட்டி விசாரித்து, அந்தக் கார்டை வாங்கி, தைலப் புட்டிகளுக்கும் சாக்லேட்டுக்கும் நடுவே வைத்து ஊருக்குக் கொண்டுவந்தார். அதைக் கையில் வாங்கிய பையனின் முகத்தைப் பார்ப்பதற்கென்றே அவர் விமானத்திலிருந்து இறங்கி நேரே அண்ணன் வீட்டுக்கு வந்ததுமுண்டு. இந்த நாட்டு விளையாட்டுப் பெட்டிகளின் உள்ளே அத்தகைய அன்பு கணிசமாகப் பொருத்தப்பட்டிருக்கிறது.

2011 அக்டோபரில், தாய்லாந்து என்று இன்று வழங்கும் சயாம் தேசத்தில் பெருவெள்ளம் வந்தது. சாவோ பிரயா நதியின் கழிமுகம் நம்முடையதைப் போலவே நெல்வயல் நாடு. மார்கழியில் திருவெம்பாவை ஓதும் வழக்கம் அரண்மனைப் பிராமணர்களிடையே பரம்பரையாக நின்ற நாடும் அதுவே. பழைய தலைநகரான அயோத்தியாவின் பக்கத்து வயல்களில் எழுந்திருந்த ஹார்ட் டிஸ்க் ஆலைகள் நீரில் மூழ்கின. உலகெங்கும் ஹார்ட் டிஸ்கின் விலை ஏறக்குறைய இரட்டித்தது. தஞ்சாவூர்க் கடையில், “என்னண்ணே, போன மாசம் சொன்ன விலை இது இல்லையே” என்று கேட்டவர்களுக்கு, “அங்க வயல்ல வெள்ளம் தம்பி, வடியட்டும்” என்று பதில் வந்தது. வயலில் வெள்ளம் என்றால் விளக்கம் தேவைப்படாத ஜனங்கள், காத்திருந்தார்கள்.

ஆனால் அதன்பின் வந்த ஆண்டுகள் இங்கேயே கடினமாயின. 2012 இல் தமிழ்நாட்டுக் கிராமங்களில் மின்வெட்டு நாளின் பாதிக்கு மேல் நீண்டது. மேட்டூர் அணை அவ்வாண்டு முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் ஜூன் 12 என்ற சம்பிரதாய நாளில் திறக்கப்படவில்லை. குறுவை பல இடங்களில் கைவிடப்பட்டது. குறுவைப் பணத்தில் வாங்க வேண்டிய பாதிப் பெட்டியும் அதோடு நின்றது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறி, பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புகளைத் தரையோடு சாய்த்து, இலட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்களையும் வீழ்த்தியபோது, பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. ஓடு பறந்த வீடுகளில் கணிப்பொறியைப் போர்வையால் சுற்றி நெற்குதிருக்கு அருகே வைத்துப் பாதுகாத்தவர்கள் இருந்தார்கள். பாதுகாக்க வேண்டியவற்றின் வரிசையில் விதைநெல்லுக்கும் நிலப்பத்திரத்துக்கும் அடுத்தாற்போல் அதற்கும் ஓரிடம் கிடைத்திருந்தது.

அதே 2018 பிப்ரவரியில் ஏ.எம்.டி. நிறுவனம் வெளியிட்ட ‘ரைசன் 2200ஜி’ என்ற செயலி, தன்னுள்ளேயே ஓரளவு வல்லமையுள்ள படச் சில்லையும் கொண்டிருந்தபடியால், கார்டு என்ற வரியையே சிலகாலம் தள்ளிப்போட இடம் கொடுத்தது. ஒரு விஷயம் மாத்திரம் தெரிந்திருக்க வேண்டும்: அத்தகைய செயலி தனக்கென்று நினைவகம் இல்லாமல் ராமையே பங்கிட்டுக்கொள்வதால், 8 ஜிகாபைட்டை ஒரே குச்சியாகப் போடுவதைவிட, நான்கு நான்காக இரண்டு குச்சிகள் போட்டால் இரு வாய்க்கால்களில் தண்ணீர் பாய்வதுபோல் ஓட்டம் துரிதப்படும். எட்டு ஆண்டுகளுக்குப் பின் 2020 ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தது. கொள்ளைநோய்க் காலத்து இணையவழி வகுப்புகளால் வீட்டில் கணிப்பொறி அவசியமென்று பெரியவர்களும் ஒப்புக்கொண்டார்கள். அந்தச் சமயம் பார்த்து, மெய்நிகர் நாணயம் தோண்டுவோர் உலகத்துக் கார்டுகளையெல்லாம் வாரிக்கொண்டதால் கார்டின் விலை எட்டாத உயரத்துக்குப் போயிற்று. 2022 செப்டம்பரில் ‘எதீரியம்’ என்ற நாணயம் தோண்டும் முறையைக் கைவிட்டதும், உழைத்து ஓய்ந்த பழைய கார்டுகள் சந்தையில் குவிந்தன. அவற்றை நல்லது எது, தேய்ந்தது எது என்று பார்த்து வாங்குவதற்கு மாட்டுச் சந்தைப் பரிச்சயம் வேண்டும்: காற்றாடியைச் சுழற்றிக் காது கொடுத்தும், திருகாணியின் தலை கீறியிருக்கிறதா என்று நோக்கியும், கால்மணி நேரம் ஓட்டிப் பார்த்து உஷ்ணத்தைக் கையால் தொட்டும் சோதிப்பார்கள். ‘ஆர்.எக்ஸ். 580’ போன்ற அந்தக் கார்டுகள் 185 வாட் வரை இழுப்பவை. ஆகவே, முதலிலேயே நல்ல எஸ்.எம்.பி.எஸ். வாங்கி வைத்த வீடுகளுக்கே அந்த மலிவு பயன்பட்டது.

2025 மார்கழியில் மன்னார்குடியில் ஒரு கடையில் நின்றுகொண்டிருந்தேன். 2025 ஆம் ஆண்டின் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை மொத்தமாக வாங்கிக்கொண்டதால், ராமின் விலை சில மாதங்களுக்குள் இரு மடங்குக்கும் மேல் ஏறியிருந்தது. பதினாறு வயதுப் பையன் ஒருவன், பள்ளிச் சீருடையோடு, கொட்டேஷன் தாளைக் கண்ணாடி மேசைமேல் விரித்து வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தான். கார்டு இல்லாத தாள் அது. ராம் என்ற வரியில் இரண்டு குச்சிகள் எழுதியிருந்தன. அவன் பேனா கேட்டு வாங்கி, இரண்டு என்பதை ஒன்று என்று திருத்தினான்.

“ஓட்டம் கொஞ்சம் மட்டாத்தான் இருக்கும் தம்பி” என்றார் கடைக்காரர்.

“தெரியும்ண்ணே. ரெண்டு துவாரம் உள்ள போர்டாவே போடுங்க. தையில அப்பா மூட்டை போட்டதும் இன்னொண்ணு வாங்கிக்கிறேன்” என்றான்.

வெளியே, பாமணியாற்றுப் பக்கம், சம்பா பால்பிடித்து நின்றது.